எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்) நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேன் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பது எப்படி?

20 எம்.எல்.டி. (நாளுக்கு 2 கோடி லிட்டர்) ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் (காற்றூட்டி நுண்ணுயிர்க் கசடால் சுத்திகரிக்கும்) ஆலை, அடியில் காற்றைக் குமிழாக விடும் டிஃப்யூசர், ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) சூத்திரம் போதுமா, நேரில் அளக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறிக்கையில் ஒரு எண் போடுவதற்கு மட்டும் என்றால் சூத்திரம் போதும். வெளியேற்றத்தைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் அளந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஆலையை எப்படி ஓட்டினாலும் சூத்திரம் அதே விடையைத்தான் தரும்.

முதலில் சூத்திரம். ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி ஆலைக்குள் உருவாகும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 3.2 கிராம் என்றது. 2019 திருத்தம் உள்ளே வரும் நைட்ரஜனில் 1.6% என்று மாற்றிவிட்டது. ஒருவர் நாளுக்கு 10 கிராம் நைட்ரஜன் என்று வைத்தால், இது பழைய எண்ணைப் போல 25 மடங்குக்கும் மேல். பழைய எக்செல் கோப்பையே இன்னும் ஓட்டுபவர்கள் கவனிக்கவும். முழுக்க மூடப்பட்டிருப்பதால் வாயு மொத்தத்தையும் குழாயிலேயே பிடித்து நீண்ட காலம் அளந்த இரண்டு ஆலைகள் உண்டு: ஹெல்சிங்கியின் வீக்கின்மாக்கியில் 1.9%, நெதர்லாந்தின் கிராலிங்ஸ்வேரில் 2.8%.

உங்கள் தொட்டி திறந்தது. அதனால் மிதக்கும் ஹூட்தான் வழி. அடி திறந்த பெட்டி, சுமார் 0.5 சதுர மீட்டர், மேலே வாயு வெளியேற அகலமான துளை. கயிறு கட்டித் தண்ணீரில் இறக்கினால், டிஃப்யூசர் காற்றே உள்ளே இருந்த பழைய காற்றைத் தள்ளிவிடும். மாதிரிக் குழாயில் வரிசை இப்படி: நுரை பிடிக்கும் பாட்டில், 4 டிகிரி குளிர்விப்பான், ஃபில்டர், பம்ப், பிறகு அகச்சிவப்பு அனலைசர். குளிர்விப்பானைத் தவிர்க்க வேண்டாம். ஈரப்பதமும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்பு அளவீட்டில் குறுக்கிடும். நுரை பாட்டில் இல்லாவிட்டால் ஒரே இரவில் அனலைசருக்குள் ஸ்லட்ஜ் போய்விடும். அந்தச் செலவை யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் இழுத்தால் போதும். ஹூட்டுக்குள் ஏறும் காற்றைவிட அதிகம் இழுத்தால் துளை வழியே வெளிக்காற்று நுழைந்து அளவு நீர்த்துப் போகும். துளை சிறிதாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, வாயு ஹூட்டின் ஓரமாகத் தப்பும்.

கணக்கு எளிது. புளோயர் காற்று மணிக்கு 5,000 நார்மல் கன மீட்டர், சராசரி 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்றால் நைட்ரஸ் ஆக்சைடு 0.25 கன மீட்டர். அதை அதன் அடர்த்தியான 1.96-ஆல் பெருக்கினால் மணிக்கு 0.49 கிலோ, நாளுக்கு 11.8 கிலோ. நைட்ரஜனாக மாற்ற 28/44: 7.5 கிலோ. வரும் நீரில் லிட்டருக்கு 40 மி.கி. நைட்ரஜன் இருந்தால் நாளுக்கு 800 கிலோ, ஆக 0.94%. 273 என்ற புவி வெப்ப மதிப்பால் பெருக்கினால் நாளுக்கு 3.2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மின்சாரம் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பார்த்தால், இது ஏறக்குறைய 4,600 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

பிழை பெரும்பாலும் அனலைசரில் வருவதில்லை. நைட்ரஸ் ஆக்சைடையும் அதிலுள்ள நைட்ரஜனையும் குழப்பினால் 1.57 மடங்கு தவறு. புளோயரின் பெயர்ப்பலகை எண்ணைக் காற்றளவாக எடுத்தால் இன்னொன்று. ஹெடரில் (பொதுக் காற்றுக்குழாயில்) உள்ள ஃப்ளோமீட்டரைப் பாருங்கள். தொட்டி நீளமானது என்றால் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்திலாவது வைத்து, அந்தந்தப் பகுதியின் காற்றளவைக் கொண்டு எடையிட்ட சராசரி எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை நேரம். காலை பத்து மணிக்குப் போய் இரண்டு டெட்லர் பையில் (வாயு மாதிரிக்கான பிளாஸ்டிக் பை) பிடித்து லேபுக்கு அனுப்புவது பெயருக்குத்தான் அளவீடு. அமோனியா உச்சம், காற்றுக் குறைவு, நைட்ரைட் தேக்கம் இவற்றோடு வாயுவும் ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்குத் தொடர்ந்து ஒரு வாரமாவது வேண்டும்; அதையே வெவ்வேறு பருவங்களில் திரும்பச் செய்ய வேண்டும். கிராலிங்ஸ்வேரில் 16 மாதம் அளந்தபோது மாதத்துக்கு மாதம் பெரிய ஏற்ற இறக்கம் தெரிந்தது. கூடவே அமோனியா, நைட்ரைட், டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்) மூன்றையும் பதிவு செய்யாவிட்டால் எண் ஏறியதன் காரணம் பிடிபடாது.

காற்றில்லாத அனாக்ஸிக் பகுதியில் ஹூட்டுக்குள் அளவு தெரிந்த சுத்தக் காற்றைச் செலுத்த வேண்டும். மேற்பரப்பு ஏரேட்டர் ஆலையில் ஹூட் நிற்காது. அங்கே தண்ணீருக்குள் வைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு மின்முனையும் வாயு மாற்றக் குணகமும் (நீரிலிருந்து வாயு காற்றுக்குப் போகும் வேகம்) சேர்த்துக் கணக்கிடலாம். அல்லது அசெட்டிலின் வாயுவைத் தெரிந்த அளவில் வெளியே விட்டு, காற்று வீசும் திசையில் இரு வாயுக்களின் விகிதத்தைப் பார்க்கலாம்.

மீத்தேனுக்கு ஏரேஷன் டேங்கில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கிராலிங்ஸ்வேரில் மீத்தேனில் சுமார் முக்கால் பங்கு, கசடைக் காற்றில்லாமல் செரிக்கும் டைஜெஸ்டரைச் சார்ந்த இடங்களிலிருந்தே வந்தது. செரித்த கசடைத் தேக்கும் திறந்த தொட்டி, டைஜெஸ்டர் பாதுகாப்பு வால்வு, காஸ் இன்ஜினின் புகைக்குழாய் என்ற வரிசையில் பாருங்கள். உள்ளே வரும் கழிவுநீரில் கரைந்த மீத்தேனுக்கு ஒரு சிரிஞ்சே போதும்: 30 மில்லி நீர், 30 மில்லி காற்று, இரண்டு நிமிடம் குலுக்கி, மேலே நிற்கும் வாயுவைக் காஸ் குரோமட்டோகிராபுக்குக் கொடுங்கள்.