ஐந்து சப்பாத்தி எத்தனை கரண்டி சோறு?
வாசகர் கேள்வி – உணவியல் பதில்

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். நம்பாமல் வெளியே ஆய்வகத்தில் மறுபடியும் பார்த்தேன். வெறும் வயிற்றில் 168, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 262, ஹெச்பிஏ1சி 8.1. உயரம் 168 செ.மீ., எடை 81 கிலோ. டாக்டர் மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார். ‘மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது, சாப்பாட்டிலேயே சரிசெய்துவிடலாம்’ என்று என் அண்ணன் சொன்னதால் இன்னும் தொடங்கவில்லை. இனிப்பை அடியோடு விட்டுவிட்டேன். டீயிலும் சர்க்கரை இல்லை, இரண்டு பிஸ்கட் மட்டும். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் வழக்கம்போல் சோறு, இரவில் சோற்றுக்குப் பதில் ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும். இவ்வளவு செய்தும் போன வாரம் வெறும் வயிற்றில் 161. எங்கே தவறுகிறேன்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, அந்த ஐந்து சப்பாத்தியிலிருந்தே தொடங்குகிறேன். நம் வீடுகளில் சப்பாத்தியை மருந்து என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து. ஐந்துக்கு 100 கிராம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம் அளவில் இருக்கும். ஆக, நீங்கள் இரவில் 350 கிராம் சோறு சாப்பிடுகிறீர்கள், வட்டமாகத் தேய்த்து. குருமாவில் இருக்கும் உருளைக்கிழங்கை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

கேழ்வரகும் அப்படித்தான். அரிசி 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம் என்றால், கேழ்வரகில் 70க்குச் சற்றுக் குறைவு. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட அதிகம், மறுக்கவில்லை. ஆனால் நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, சொம்பில் ஊற்றிக் குடித்தால் அது இரைப்பையில் தங்கி நிற்காது. மென்று தின்னவேண்டியதைக் குடித்துவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். கேழ்வரகு வேண்டுமென்றால் அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை நிறையச் சேர்த்து, ஒன்றோடு நிறுத்துங்கள்.

இதையெல்லாம் அதிகாரமாகச் சொல்கிறேனே தவிர, நான் யோக்கியமாக இருந்தவள் அல்ல. எனக்குச் சர்க்கரை வந்தது 49 வயதில். அப்போது நான் ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணராக 19 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். தினமும் பத்துப் பேருக்காவது ‘மதியம் 150 கிராம் சோறு’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்த கை இது. நானும் அவ்வளவுதான் சாப்பிடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய எடைக் கருவியைப் பரணிலிருந்து இறக்கி, தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, வழக்கம்போல் மூன்று கரண்டி சோறு போட்டேன். 390 கிராம். சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று பிரித்துப் போடுவதால் எதுவும் அதிகமாகத் தெரிவதில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘கருவி கெட்டுப்போயிருக்கும்’ என்றார். அவர் தட்டை நிறுத்தோம், 460.

அன்று முதல் என் சோறு 130 கிராம். கண் ஏமாற்றும் என்பதால் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை அதற்கென்று ஒதுக்கிவிட்டேன். மீதிப் பசிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சோற்றைக் குறைத்த இடத்தைக் காயும் பருப்பும் நிரப்ப வேண்டும்; இல்லாவிட்டால் நாலு மணிக்குக் கை தானாகப் பிஸ்கட் டப்பாவைத் தேடும். அவரைக்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ், கீரை, எதுவானாலும் ஒரு கிண்ணம் பொரியலை முதலில் தனியாகச் சாப்பிடுங்கள். அடுத்து சுண்டலோ, முட்டையோ, மீனோ. சோறு கடைசியில். இந்த வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுகிறது. என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு நாள் காலை நெய் வெண்பொங்கல், இரண்டு மணி நேரம் கழித்து 241. மறுவாரம் அதே பொங்கலில் பாசிப்பருப்பை அரிசிக்குச் சமமாகப் போட்டு, பாதி அளவு, முன்னால் ஒரு கிண்ணம் அவரைக்காய். 172.

உங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சோற்றிலும் இதைச் செய்யலாம். என் மருமகள் ஈரோட்டுக்காரி. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது எனக்காக ஒன்றுக்கு ஒன்று போடுகிறாள். சோறு கொஞ்சம் கொழகொழவென்று வரும். சின்ன வெங்காயம் தாராளமாக வதக்கிப் போட்டால் குறை தெரியாது. கொள்ளுப் பருப்புக் கடைசலும் பச்சைப்பயறும் உங்கள் ஊர்ச் சமையலில் ஏற்கெனவே இருப்பவை. வெளியூர் ஓட்ஸைத் தேடிப் போகவேண்டியதில்லை.

டீக்கு இரண்டு பிஸ்கட் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று எழுதவில்லையே! கணக்குப் பார்க்கிறவர், அதையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ‘இனிப்பில்லாத’ பிஸ்கட்டும் மைதாதான்.

இப்போது அந்த 161. இரவெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கி எழுந்தவர் உடம்பில் காலையில் இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரலிலிருந்து. உண்ணாத நேரத்தில் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் குளுக்கோஸ் விடுவது கல்லீரலின் வேலை. ‘போதும், நிறுத்து’ என்று சொல்வது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அந்தச் சொல் அதன் காதில் ஏறுவதில்லை. விடிய விடியச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. மெட்ஃபார்மின் முக்கியமாக இங்கேதான் வேலை செய்கிறது, கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. நீங்கள் போடாமல் வைத்திருக்கும் மாத்திரை, நீங்கள் கவலைப்படும் அதே எண்ணுக்கானது.

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரையின் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவும் நடையும் மட்டுமே, நோய் வரும் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தவர்களுக்கு 26.4. ஏறக்குறைய சமம். ஆனால் அது வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கான கணக்கு. ஹெச்பிஏ1சி 6.5லேயே நோய் என்கிறோம், நீங்கள் 8.1. அதாவது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் ரத்தச் சர்க்கரையின் சராசரி 185ஐ ஒட்டி இருந்திருக்கிறது. உணவு பலன் தரும்வரை கண்ணும் சிறுநீரகமும் காத்திருக்காது. மாத்திரையை இன்று இரவே சாப்பாட்டோடு தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் வயிறு சற்றுப் பொருமும், சிலருக்கு இளகிப் போகும், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது.

‘ஆயுசுக்கும்’ என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. பிரிட்டனில், நோய் வந்து 6 ஆண்டுகளுக்குள் இருந்தவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவக் கண்காணிப்பில், ஒரு நாளைக்கு 850 கலோரி அளவுக்குச் சில மாதங்கள் உணவைச் சுருக்கி எடையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர், ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே 6.5க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. நீங்கள் 850 கலோரிக்கெல்லாம் தனியாக இறங்க வேண்டாம். அடுத்த ஆறு எட்டு மாதங்களில் 81ஐ 73 ஆக்கப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குக் கீழே வரட்டும். அப்போது மாத்திரையைக் குறைக்கும் பேச்சை டாக்டரே எடுப்பார்.

நடைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பூங்காவுக்குப் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் உட்காராமல் 15 நிமிடம் நடங்கள், இரவும் அப்படியே. வேலை செய்யும் தொடைத் தசை, இன்சுலின் அழைக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எங்கே நடப்பது என்று கேட்காதீர்கள். பனியன் கம்பெனி மாடிப்படி எதற்கு இருக்கிறது?

ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். ஸ்ட்ரிப் விலை கூடுதல் என்பதால் தினமும் குத்திக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும். முன்னால் 80–130, பின்னால் 180க்குக் கீழே இருந்தால் நல்லது. எந்தச் சாப்பாடு உங்களுக்கு ஆகாது என்பதை அந்த நோட்டு என்னைவிடச் சரியாகச் சொல்லிவிடும். கண் பாவையை விரியச் செய்து விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி, ரத்த அழுத்தம், கொழுப்பு, இவற்றை இந்த மாதமே பார்த்துவிடுங்கள். வகை இரண்டு சர்க்கரை, நமக்குத் தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்திருக்கக்கூடும்.

கடைசியாக, அண்ணனுக்கு ரத்தம் பார்த்தாயிற்றா? உடன்பிறந்தவருக்கு இருந்தால் இவருக்கும் வரும் வாய்ப்பு அதிகம். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் 13.6 கோடி. அடுத்த முறை யோசனை சொல்ல வரும்போது ஆய்வகத்துக்குக் கையோடு கூட்டிப்போங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். செவ்வாய், வெள்ளி விரதம். மதியம் பூஜை முடியும்வரை தண்ணீர்தான். ஆனால் மாத்திரையைக் காலை எட்டு மணிக்குத் தவறாமல் போட்டுவிடுவார். பதினொரு மணி வாக்கில் வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார். ‘விரதக் களைப்பு’ என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் எழுதியிருப்பது சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளங்கள். கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தத் தொல்லை அரிது.

அடுத்த முறை அப்படி ஆனால் உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டர் கைவசம் இல்லையென்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை வயதானவர் உடம்பில் வெகுநேரம் நிற்கும், மறுபடியும் இறக்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

நாளைக்கே டாக்டரிடம் போய் விரத நாள்களைச் சொல்லி மாத்திரையை மாற்றியமைக்கக் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட விடாதீர்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போடவேண்டும். அத்தையிடம் ‘விரதத்தை விடுங்கள்’ என்றால் கேட்கமாட்டார். ‘காலையிலேயே அம்மனுக்குச் சுண்டலும் பாலும் படைத்துவிட்டு நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல்? உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காபி குடிக்கலாம் அல்லவா?
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: கலப்படமில்லாத உடன்குடிக் கருப்பட்டியாகவே இருக்கட்டும், அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் இதே குடும்பம். ஒரு துண்டில் இருக்கும் இரும்புச் சத்துக்காகக் குடிப்பதாக இருந்தால், கீரை மலிவு.

கேள்வி: மாம்பழக் காலம் வந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை, அறுபது வயது. ஒரு துண்டுகூடக் கூடாது என்கிறாள் மகள்.
– வாசகர், சேலம்

பதில்: சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழம் கூடாதென்றால் எப்படி? உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றால், சாப்பாட்டுக்குப் பின்னால் அல்ல, நாலு மணிக்குத் தனியாக, ஒரு கதுப்பில் பாதி. ஜூஸ் வேண்டாம், மில்க் ஷேக் வேண்டவே வேண்டாம். அன்று இரவு சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். கொட்டையைச் சப்புவதை மகள் பார்க்காதபோது செய்யுங்கள். அதில் ஒன்றும் பெரிதாக ஏறிவிடாது.