ரெண்டு விதமா எழுத முடிஞ்சா ப்ரைம் இல்லையா?

வணக்கம் சார். 4294967297 ப்ரைம் (பகா எண்) இல்லைன்னு படிச்சேன். அதை ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ரெண்டு விதமா எழுத முடியறதுதான் காரணமாம்: 65536² + 1², அப்புறம் 62264² + 20449². கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துட்டேன், ரெண்டும் சரிதான். ஆனா வகுக்கறதே எங்கயும் வரலையே, காரணி கைல இல்லாம ப்ரைம் இல்லைன்னு எப்படி அடிச்சுச் சொல்றாங்க?

வணக்கம்,

நல்ல கேள்வி, சரியான இடத்துல கை வெச்சிருக்கீங்க. காரணி அந்த நாலு எண்ணுக்குள்ளயேதான் இருக்கு, எடுத்துக் காட்டறேன்.

இரட்டைப்படையை இரட்டைப்படையோட சேருங்க, ஒத்தைப்படையை ஒத்தைப்படையோட. 65536லேர்ந்து 62264 போனா 3272, 20449லேர்ந்து 1 போனா 20448, இது ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 8. இப்ப கழிக்காம கூட்டுங்க, 127800, 20450, இதுக்கு 50. 8ல பாதி 4, 50ல பாதி 25. 4² + 25² எவ்வளவு? 641. அதால வகுத்துப் பாருங்க, மீதியே இல்லாம 6700417 வரும். நான் முதல் தடவை போட்டப்ப நம்பாம திரும்ப முதல்லேர்ந்து போட்டேன்.

ஏன் இப்படின்னா, அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து பாருங்க. 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². இப்படிப்பட்ட ரெண்டைப் பெருக்கினா வர்றதும் ரெண்டு வர்க்கத்தோட கூட்டலாத்தான் இருக்கும், நம்ம பழைய கணித மேதை பிரம்மகுப்தர் பேர்ல இருக்கற முற்றொருமை அது. 25×2556 = 63900, 4×409 = 1636, கூட்டினா 65536, கழிச்சா 62264. குறுக்கால பெருக்கினா 10225, 10224, கழிச்சா 1, கூட்டினா 20449. ஒரு பக்கம் கூட்டினா இன்னொரு பக்கம் கழிக்கணும், அதை மாத்திப் போட்டா ரெண்டாவது விதம் வந்துடுது, அவ்வளவுதான். ப்ரைமா இருந்தா உடைக்கவே ஆளில்லை, அதனால அதுக்கு அதிகபட்சம் ஒரே விதம்தான்.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, இதைத் திருப்பிப் போட்டுடாதீங்க. 45ஐ 36 + 9ன்னு ஒரே விதமாத்தான் எழுத முடியும், ஆனா 45 ப்ரைம் இல்லை.

இந்த எண்ணுக்கு ஒரு கதையும் இருக்கு. 3, 5, 17, 257, 65537, இந்த வரிசைல ஒரு எண்ல ஒண்ணைக் கழிச்சு வர்க்கமாக்கி ஒண்ணு கூட்டினா அடுத்தது வரும். இதெல்லாம் ப்ரைமா இருக்கேன்னு அடுத்து வர்ற இதையும் ப்ரைம்னே நம்பினவர் ஃபெர்மாங்கற கணித மேதை, 1640 வாக்குல. 1732ல இன்னொரு கணித மேதை ஆய்லர்தான் 641ஐ எடுத்துக் காட்டினார். இதோட காரணி எதுவா இருந்தாலும் 64ஆல வகுத்தா மீதி 1 வரணும், அந்த மாதிரி ப்ரைம்களை வரிசையா எடுத்தா 193, 257, 449, 577, அஞ்சாவதே 641. அவ்வளவு கிட்டக்க இருந்திருக்கு!

நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்களேன். 1000009 = 1000² + 3², இன்னொண்ணு 972² + 235². இதே மாதிரி கழிச்சு, கூட்டி, பாதியாக்கிட்டு வந்தா 293 கைல விழும்.