இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களின் தொடக்க காலம் பற்றி ஒப்படைப்பு எழுதினேன். குறைந்தது 10 மேற்கோள் வேண்டும் என்பது நிபந்தனை. நான் தந்த பத்தில் 6 செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்தவை. அவற்றில் இரண்டு எங்குமே இல்லை என்று விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். 80 வெள்ளி கொடுத்தால் சரிசெய்து தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- பல்கலைக்கழக மாணவி, தெம்பனிஸ்

பதில்: கொடுக்காதீர்கள். இத்தகைய இடைத்தரகர்கள் தலைப்பில் ‘தமிழ்’ என்று வரும் ஏதோ ஓர் உண்மையான கட்டுரையை அந்த இடத்தில் செருகிவிடுவார்கள். திறந்து பார்த்தால், நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு அதில் ஆதாரமே இருக்காது. முன்பு நடந்தது கவனக்குறைவு; இது காசு கொடுத்து வாங்கிய பொய். போதாததற்கு உங்கள் கோப்பும் அவர் கையில். அடுத்த பருவத்தில் வேறொருவருக்கு அதை விற்றால், விசாரணைக்கு உங்களையும்தான் கூப்பிடுவார்கள்.

விரிவுரையாளர் கண்டது இரண்டு. மீதி நான்கையும் முதலில் சோதியுங்கள். டிஓஐ என்பது ஆய்வுக் கட்டுரைக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாள எண். அது 10 என்று தொடங்கும், அதை டிஓஐ.ஆர்க் தளத்தில் இடுங்கள். திறக்கும் பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் பொருந்த வேண்டும். செயலி தரும் போலியில் ஆசிரியரும் ஆய்விதழும் பெரும்பாலும் உண்மையாக இருக்கும், தலைப்பு மட்டும் கற்பனை, ஏமாறுவது அதனால்தான். எண் இல்லையென்றால் ஆய்விதழின் சொந்தத் தளத்தில் அந்தத் தொகுதியைத் திறந்து பக்க எண்ணைப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகல் ஸ்காலரில் பெயர் வந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். பிறர் பட்டியலில் இருந்து எடுத்த வெறும் குறிப்பும் அங்கே வரும்.

உங்கள் தலைப்புக்கு ஒரு விலக்கு உண்டு. பழைய பத்திரிகைச் செய்திக்கு டிஓஐ இருக்காது. அதனால் அது போலி ஆகிவிடாது. பழைய பத்திரிகைகளைத் தொகுத்து வைத்திருக்கும் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இதழையும் நாளையும் தேர்ந்து பக்கத்தை நேரில் பாருங்கள். இதழின் பெயர், நாள், பக்கம் மூன்றையும் குறியுங்கள். ‘சிங்கை நேசன்’ 1887இல் தொடங்கியது, ‘தமிழ் முரசு’ 1935இல். ஆகவே ‘தமிழ் முரசு, 1932’ என்று செயலி தந்தால் தேடவே வேண்டாம், அடித்துவிடுங்கள். பக்கத்தைப் பார்க்காமல் ஒரு நூலில் படித்திருந்தால் அந்த நூலையே மேற்கோள் காட்டுங்கள், பத்திரிகையை அல்ல. இணையத்தில் திறக்காத இதழ் இருந்தால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் நூலகரிடம் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

‘குறைந்தது 10 மேற்கோள்’ என்று எல்லாத் தலைப்புக்கும் ஒரே அளவுகோல் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் கொஞ்சமாகவே உள்ள துறையில் மாணவரை இட்டுநிரப்பத் தூண்டுவதே இந்த எண்ணிக்கைதான். சோதனையில் தேறியவற்றையும் நீங்களே பார்த்த பத்திரிகைப் பக்கங்களையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எது எப்படி வந்தது என்பதை மறைக்காமல், இத்தனையோடு மறுபடி தரலாமா என்று விரிவுரையாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.