கேபிளை நிறுத்தினால் எந்த ஸ்டிக், எந்த பாக்ஸ்? கேள்வி பதில்

வீடு வீடாகப் போய் டிவி மாட்டிக் கொடுப்பதும் நெட் இணைப்பு சரிபார்ப்பதும் என் தொழில். கேபிளை நிறுத்துவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை): அண்ணா, கேபிளை நிறுத்திவிட்டு ஃபயர் டிவி ஸ்டிக் வாங்கலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு சன் டிவி சீரியல் வேண்டும், எனக்கு ஐபிஎல். ஸ்டிக் மட்டும் போதுமா?

போதாது தம்பி. ஸ்டிக் என்பது டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி, நெட் வழியாக ஆப் ஓட்டும் சின்னக் கருவி. அதை வாங்கியதும் சேனல் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டிக்கில் ஆப் மட்டும்தான் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சந்தா தனி. சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், ஐபிஎல்லுக்கும் விஜய் டிவிக்கும் ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. தந்தி, புதிய தலைமுறை, பாலிமர் போன்ற செய்திச் சேனல்கள் மட்டும் யூடியூபிலேயே இலவசமாக நேரலையில் ஓடுகின்றன.

முதலில் ஒரு வாரம் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதற்கு வேண்டிய சந்தாக்களோடு நெட் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். கேபிள் பில்லை விடக் கூடுதலாக வந்தால் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று: நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் திட்டம் செல்போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது. விலை குறைவான திட்டம் எதுவானாலும் "டிவியில் ஓடுமா" என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி (ஓசூர்): எங்கள் வீட்டில் 40 எம்பிபிஎஸ் இணைப்பு. 4கே படம் ஓடுமா சார்?

தாராளமாக ஓடும். எம்பிபிஎஸ் என்பது நெட் வேகத்தின் அளவு. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது மிகத் தெளிவான 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், அதற்கு அடுத்த முழு எச்டி-க்கு 5. ஆனால் அந்த 40 டிவி வரை வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. ரவுட்டர் ஹாலில், டிவி இரண்டு சுவர் தள்ளிப் படுக்கையறையில் என்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அங்கே போவதற்குள் நொந்துவிடும். போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்து வேகம் பாருங்கள். அங்கே 15-க்குக் கீழே காட்டினால் ரவுட்டரை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். டேட்டா அளவு உள்ள திட்டமா? 4கே-யில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை போகும்.

கேள்வி (சென்னை): 1,500 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பாக்ஸ் கிடைக்கிறது, எல்லா ஆப்பும் வருமாம். பிராண்டட் ஸ்டிக்குக்கு ஏன் கூடக் கொடுக்க வேண்டும்?

இந்த வலி எனக்குத் தெரியும். ரிச்சி தெருவில் அப்படி ஒரு பாக்ஸ் வாங்கி என் அக்கா வீட்டில் மாட்டினேன். நெட்ஃபிளிக்ஸ் திறந்தது, படமும் ஓடியது. ஆனால் 43 அங்குலத் திரையில் முகமெல்லாம் மெழுகு பூசியது போல மங்கல். நெட் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். காரணம் வேறு: திருட்டுப் பிரதியைத் தடுக்க வைட்வைன் என்று ஒரு பூட்டு இருக்கிறது. அதில் எல்1 தரச் சான்று இல்லாத பாக்ஸுக்கு நெட்ஃபிளிக்ஸ் எச்டி-யே அனுப்பாது, 480பி என்ற குறைந்த தெளிவோடு நிறுத்திவிடும். நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மாறாது. அக்காவுக்கு வேறு ஸ்டிக் வாங்கிக் கொடுத்தேன். பெயர் தெரியாத பாக்ஸை உங்களுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (சேலம்): ஃபயர் ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து மறுபடி லோகோவிலிருந்து ஆரம்பிக்கிறது. மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். மின்சாரம் எங்கிருந்து கொடுத்திருக்கிறீர்கள்? டிவியின் பின்னால் உள்ள யுஎஸ்பி-யில் செருகியிருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். சாதாரண யுஎஸ்பி போர்ட் அரை ஆம்பியர் தரும், ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் ஒரு ஆம்பியர். படம் ஓடத் தொடங்கி வேலை கூடியதும் மூச்சு வாங்கி விழுந்துவிடுகிறது. அட்டைப் பெட்டியில் கிடக்கும் அடாப்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் போடுங்கள். கூடவே வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பையும் மாட்டுங்கள். டிவி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டிக் சூடேறும், வைஃபையும் குறையும்.

கேள்வி (தஞ்சாவூர்): 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் நன்றாக ஓடுகிறது. அதில் ஸ்டிக் மாட்ட முடியுமா?

அதில் எச்டிஎம்ஐ துளை கிடையாது, பழைய வண்ண ஏவி பின்தான். எச்டிஎம்ஐ-யை ஏவி-யாக மாற்றும் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கும். ஆனால் அந்தத் திரையில் மெனு எழுத்து படிக்கவே முடியாது, கண் வலிதான் மிச்சம். மாதக் கட்டணம்தான் கவலை என்றால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போடுங்கள். தட்டுக்கும் பாக்ஸுக்கும் ஒரு முறை செலவு, அப்புறம் சந்தா இல்லை. டிடி தமிழ் வரும், தனியார் தமிழ்ச் சேனல்களை அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): அம்மாவுக்கு 71 வயது, பகலில் தனியாக இருக்கிறார். அவருக்கு எது சுலபம்?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ரிமோட் யார் கையில் இருக்கப் போகிறது என்று தெரியாமல் நான் எதையும் சிபாரிசு செய்வதில்லை.

கேபிளில் அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: சேனல் நம்பர், சத்தம். ஸ்டிக் ரிமோட்டில் நம்பரே கிடையாது. ஆப்பைத் திறந்து, "யார் பார்க்கிறீர்கள்" என்ற பக்கத்தைத் தாண்டி, லைவ் என்ற இடம் தேடிப் போக வேண்டும். ஒரு பாட்டி வீட்டில் பார்த்தேன். தவறிப்போய் ஹோம் பட்டனைத் தொட்டுவிட்டு, சீரியல் எங்கே போனது என்று தெரியாமல் மகன் வரும் வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசு கேட்கவில்லை. குரலில் தேடலாமே என்பார்கள், ஆனால் ஸ்டிக்கில் குரலைக் கேட்டுத் தேடும் அலெக்ஸாவுக்குத் தமிழ் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்வது ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் போன்ற ஹைப்ரிட் பாக்ஸ். டிஷ்ஷில் வரும் சேனலும் ஆப்பும் ஒரே பெட்டியில் இருக்கும், ரிமோட்டில் நம்பரும் உண்டு. நெட் போனாலும் சேனல் ஓடும். இல்லையென்றால் அந்த ஒரு டிவிக்கு மட்டும் கேபிளை விட்டு வையுங்கள்.

ஸ்டிக்தான் என்றால் ஃபயர் டிவி ஸ்டிக் லைட் மாடல் வேண்டாம். அதன் ரிமோட்டில் டிவி சத்தத்துக்குப் பட்டன் இல்லை, அம்மா இரண்டு ரிமோட்டோடு அல்லாட வேண்டும்.

கேள்வி (கோவை): ஆப்பிள் டிவி 4கே வாங்கலாமா?

அது டிவி அல்ல, டிவியில் மாட்டும் ஆப்பிள் நிறுவனத்தின் பாக்ஸ். வீட்டில் எல்லாரும் ஐபோன் வைத்திருந்தால் வாங்குங்கள், வேகம் அருமை. மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் ஸ்டிக்கும் வாங்கிச் சந்தாவும் கட்டிவிடலாம்.

கேள்வி (கும்பகோணம்): கேபிளை நிறுத்தினால் எதை இழப்போம்?

உள்ளூர் சேனலை. உங்கள் ஊர்த் தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, பக்கத்துத் தெருவின் இரங்கல் அறிவிப்பு எல்லாம் அதில்தான் வரும், ஆப்பில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் உடனே கேபிள் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். நிறுத்துவது என்று முடிவானால் ஆபரேட்டரிடம் நேரில் சொல்லி, பாக்ஸ், அடாப்டர், ரிமோட் மூன்றையும் ஒப்படைத்து, முன்பணம் கட்டியிருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.