லங்காவி பேக்கேஜ், 2021: மாநில எல்லை மூடியிருக்கையில் மீதிப் பணத்தைக் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். அப்பாவின் 60-வது பிறந்தநாளை முன்னிட்டு, 2020 டிசம்பர் நடுவில், மாநில எல்லைகள் திறந்திருந்த நேரத்தில், எட்டுப் பேருக்கு லங்காவி பேக்கேஜ் ஒன்றைப் பயண முகவரிடம் பதிவு செய்தோம். விமான டிக்கெட்டும் சேர்த்து 7,200 ரிங்கிட். முன்பணம் 2,160 கட்டியாயிற்று. பயணம் 2021 மே 31. மீதி 5,040 ரிங்கிட்டை ஏப்ரல் 30-க்குள் கட்டச் சொல்கிறார். ஜனவரியிலிருந்து மாநிலம் கடக்கவே விடுவதில்லை. கேட்டால் "மே மாசத்துக்குள்ள திறந்திடும்" என்கிறார், பாதி நேரம் போனே எடுப்பதில்லை. அம்மாவுக்கு இப்போது போகவே பயம். கோவிட் சட்டம் இருப்பதால் பணம் கட்டத் தேவையில்லை என்கிறார் மைத்துனர். ரத்து செய்துவிட்டு முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முகவர் போன் எடுக்காதது, உங்கள் அம்மாவின் பயம், அப்பாவின் விசேஷம் தள்ளிப்போன வருத்தம், இவற்றை ஓரமாக வைத்துவிடுங்கள். வழக்கு என்று வந்தால் இவை எதற்கும் மதிப்பில்லை. "மே மாசத்துக்குள்ள திறந்திடும்" என்பதும் கணிப்புதான், வாக்குறுதி அல்ல. "திறக்காவிட்டால் முழுப் பணத்தையும் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்திலோ குரல் பதிவிலோ சொல்லியிருந்தால் அது வேறு. அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே மின்னஞ்சலுக்கு அனுப்பிச் சேமித்துக்கொள்ளுங்கள். போன் மாற்றும்போது தொலைந்துபோகும் முதல் சாட்சியம் அதுதான்.

நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: மீதித் தொகை குறித்த தேதிக்குள் வராவிட்டால் முன்பதிவு ரத்தானதாகக் கருதப்படும், முன்பணம் திருப்பித் தரப்படாது. உங்கள் பிரச்சினை முழுவதும் இந்த வரியில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தை முதலில் முறித்தது யார் என்பதுதான் கேள்வி. ஏப்ரல் 30-ஐச் சும்மா கடந்து போகவிட்டால் முறித்தவர் நீங்கள். கோபத்தில் "கேன்சல் பண்ணிடுங்க, காசைத் திருப்பிக் கொடுங்க" என்று அனுப்பினாலும் நீங்கள்தான். மே 31 அன்று அவரால் அழைத்துப் போக முடியாமல் போனால், அப்போது கதை மாறும்.

மைத்துனர் சொல்வது கோவிட் தாக்கத்தைக் குறைக்க வந்த தற்காலிகச் சட்டம், அதாவது 829-ஆம் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்தது, பிறகு 2021 ஜூன் 30 வரை நீட்டித்தார்கள். சுற்றுலாத் துறை உரிமம் பெற்ற நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் அதன் அட்டவணையில் இருப்பது உண்மைதான். ஆனால் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் (1988) கீழ் வந்த கட்டுப்பாடுகளால் தன் கடமையைச் செய்ய இயலாமல் போனவரைத்தான் அந்தப் பிரிவு பாதுகாக்கிறது. உங்கள் கடமை பணம் கட்டுவது. எல்லையை மூடியதால் உங்கள் ஆன்லைன் வங்கிக் கணக்கு மூடப்படவில்லை. அந்தப் பிரிவால் அதிகம் பயனடையப் போகிறவர் முகவர். மே 31 அன்று அவர் அழைத்துப் போகாவிட்டாலும், அந்தக் காரணத்துக்காக ஒப்பந்தத்தில் உள்ள உரிமைகளை அவர்மேல் நீங்கள் செலுத்த முடியாது. அது ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்கும், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லாது. "கோவிட் சட்டம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பித் தவணையைத் தவறவிட்டு, முன்பணத்தையும் இழந்தவர்கள் நிறைய.

இன்னொரு செய்தியும் சுற்றுகிறது: பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, 17-ஆம் பிரிவின்படி எந்தச் சேவையை ரத்து செய்தாலும் 5 விழுக்காடு மட்டும்தான் பிடிக்கலாமாம். அந்தப் பிரிவு தொடர்ச்சியாக வழங்கப்படும் எதிர்காலச் சேவைக்கு, அதாவது உடற்பயிற்சி நிலைய உறுப்பியம், டியூஷன் போன்றவற்றுக்கு. ஒரே ஒரு மூன்று இரவுப் பயணம் அதில் அடங்கும் என்று வாதாடலாம். அதை நம்பி 2,160 ரிங்கிட்டைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியுமா என்றால், 2018-இல் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு நிலைமை உங்களுக்குக் கொஞ்சம் கடினம். பறிமுதல் செய்தவர் தன் நட்டத்தைக் காசுக்குக் காசு நிரூபிக்கத் தேவையில்லை. தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு முறித்தவருடையது. 7,200-க்கு 2,160 என்றால் 30 விழுக்காடு. அதிகம்தான், வாதாட இடமுண்டு. ஆனாலும் வாதம்தான், பணம் அல்ல.

பெரிய ஆபத்து மீதிப் பணத்தில்தான் இருக்கிறது. அந்த 5,040 ரிங்கிட் முகவர் கையில் இரண்டு நாள்கூடத் தங்காது. டிக்கெட் எடுப்பார், தங்குவிடுதிக்கு முழுத் தொகை அனுப்புவார், படகுக்காரருக்குக் கொடுப்பார். மே 31 அன்று எல்லை மூடியே இருந்து, ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போனது என்று நீங்கள் நிலைநாட்டினாலும், சிவில் சட்டம் 1956-இன் 15-ஆம் பிரிவில் கட்டிய பணம் திரும்பும் என்று சொல்லும் அதே இடத்தில், எதிர்த்தரப்பு அதுவரை செய்த செலவைப் பிடித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. செலவுக் கணக்கை அவர் நீட்டுவார். அதோடு, நீங்கள் பதிவு செய்தது பெருந்தொற்றின் நடுவில். "எல்லை மறுபடி மூடலாம் என்று தெரிந்துதானே வந்தீர்கள்" என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். விமானம் பறந்து நீங்கள் ஏறாமலிருந்தால் டிக்கெட் பணத்தில் விமான நிலையக் கட்டணம் போன்றவை மட்டுமே திரும்பும். விமான நிறுவனமே ரத்து செய்தால்தான் முழுத் தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெருந்தொற்றுக் காலத்தில் பயண நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையை மூடின. மூடிய நிறுவனத்துக்கு எதிராகக் கையில் தீர்ப்பு வைத்திருப்பவர், கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்கிறார்.

கணக்கு இவ்வளவுதான்: கட்டாவிட்டால் அதிகபட்ச இழப்பு 2,160. அந்த இன்வாய்ஸ் வரியே அதற்கு மேல் போகாமல் வரம்பு கட்டிவிட்டது. கட்டினால் 7,200.

ஆகவே இப்போதைக்குக் கட்டாதீர்கள், ரத்தும் செய்யாதீர்கள். தவணைக்கு ஒரு வாரம் முன்பாவது மின்னஞ்சல் ஒன்று அனுப்புங்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ. சாரம் இது: "பயணத்துக்கு நாங்கள் தயார், ரத்து செய்யவில்லை. மாநில எல்லைப் பயணத் தடை நீடிக்கும் நிலையில் மே 31 பயணத்தை நிறைவேற்ற முடியும் என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள். இயலாவிட்டால் கூடுதல் கட்டணமின்றி 12 மாதத்துக்குள் வேறொரு தேதிக்கு மாற்றி, மீதித் தொகையைப் புதிய பயணத்துக்கு 14 நாள் முன்பு பெற்றுக்கொள்ளுங்கள்." வாட்ஸ்அப்பிலும் அதன் நகலைப் போடுங்கள், நீல டிக்கைப் படம் பிடியுங்கள்.

பதிலுக்கு அவர் பற்றுச்சீட்டு, அதாவது வவுச்சர் நீட்டுவார். அங்கேதான் கவனம் தேவை. "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரியுள்ள படிவத்தில் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 63-ஆம் பிரிவின்படி பழைய ஒப்பந்தம் போய்ப் புதியது வந்துவிடும். பிறகு நிறுவனம் மூடினால் உங்களிடம் மிஞ்சுவது அந்தத் தாள்தான். காலாவதித் தேதி, பள்ளி விடுமுறையில் செல்லுமா, விலை ஏறினால் யார் தருவது, பயன்படுத்த முடியாவிட்டால் ரொக்கமா, இந்த நான்கும் தாளில் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

பிறகு ஒருநாள் கட்டும் நிலை வந்தால் கடன் அட்டையில் கட்டுங்கள். சேவை வராவிட்டால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க வழியிருக்கும், கால வரம்பு இருப்பதால் தாமதம் கூடாது. வங்கிப் பரிமாற்றத்தில் அந்த வசதி இல்லை. முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு சென்கூட வேண்டாம். இன்வாய்ஸில் உள்ள உரிம எண்ணைச் சுற்றுலா அமைச்சின் பட்டியலில் சரிபாருங்கள். உரிமம் காலாவதியானவர்கள் பழைய இன்வாய்ஸையே இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பிடிவாதம் பிடித்தால் சமரசத்துக்குப் போங்கள். 720 ரிங்கிட்டை, அதாவது 10 விழுக்காட்டை அவர் வைத்துக்கொண்டு 1,440-ஐத் திருப்பித் தரட்டும் என்று முன்வையுங்கள். 1,000 ரிங்கிட்டுக்கு இறங்கினாலும் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம், மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் தவணையைத் தவறவிட்டவராக அங்கே போகிறீர்களா, தயாராக நின்றவராகப் போகிறீர்களா என்பதை அந்த மின்னஞ்சல்தான் தீர்மானிக்கும். 28-ஆம் தேதி வரை பதில் வராவிட்டால் அதையே மறுபடி அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் ஒரு நகல்.