அடுத்த வேலை கையில் இல்லாமல் மகள் ‘பேப்பர் போடப் போறேன்’ என்கிறார்: பெற்றோர் செய்ய வேண்டியவை

வேலையை ராஜினாமா செய்யப்போவதாக மகள் இப்படிச் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி, ‘வேற எங்கயாவது கிடைச்சிருக்கா?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ராத்திரி தூங்குகிறாரா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை மாலையானாலே படபடப்பு வந்தாலோ, காரணம் சொல்லத் தெரியாமல் அழுகை வந்தாலோ, கணக்கு வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், இரவிலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்று ஒரு தடவை சொல்லியிருந்தாலும் நோட்டீஸ், பாண்டு (இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவச் சான்றிதழை இணைத்து மின்னஞ்சலில் விடுப்பு கேட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். விலகல் கடிதத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் வேலை ஆளைத் தின்கிறது என்றால் அவசரம் வேண்டாம். முதலில் அலுவலகம் தந்த பணி நியமனக் கடிதத்தை எடுத்து வைத்து, இருவரும் சேர்ந்து முழுக்கப் படியுங்கள். ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் பொதுவாக 60 அல்லது 90 நாள். அதாவது பேப்பர் போடும் நாளுக்கும் கடைசி வேலை நாளுக்கும் நடுவே இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. அந்த மாதங்களில் சம்பளம் ஓடும், பெயர் பணிப் பட்டியலில் இருக்கும், வேலையும் தேடலாம். ‘கையில் வேலை இல்லாமல் விடுவது’ என்று நாம் பயப்படுவதில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காத பயம். இன்னொன்றும் உண்டு. 90 நாள் நோட்டீஸ் முழுசாக மீதமிருப்பவரை எடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. 30 நாளில் சேர முடியும் என்பவருக்கு அழைப்பு அதிகம். அதனால் பேப்பர் போட்ட அன்றே நௌக்ரி, லிங்க்டுஇன் என்ற வேலை தேடும் தளங்கள் இரண்டிலும் ‘நோட்டீஸில் இருக்கிறேன், கடைசி நாள் இன்னது’ என்று மாற்றிவிட வேண்டும்.

நோட்டீஸை முழுசாக முடிக்காமல் போனால், மீதி நாட்களுக்குப் பிடித்தம் உண்டு. அது அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா என்று கடிதத்தில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. சேரும்போது போனஸ், இடமாற்றச் செலவு, பயிற்சிச் செலவு ஏதாவது வாங்கியிருந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் பாருங்கள். ‘பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எழுதிய தொகையை எல்லாம் அப்படியே வாங்கிவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. தொகை பெரிதாக இருந்தால் கையெழுத்திட்ட தாளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இப்போது பணக் கணக்கு. ஒரு மாதிரி: கைக்கு வரும் சம்பளம் 48,000. விடுதிக்கு 9,000, சாப்பாடும் போக்குவரத்தும் 7,000, வீட்டுக்கு 12,000, கல்விக் கடன் தவணை 9,500, வண்டித் தவணை 3,800, போன், இதர செலவு 1,700. விடுதியைக் காலி செய்து வீட்டுக்கு வந்துவிட்டால் தவிர்க்க முடியாதவை இரண்டு தவணை, போன், புதிதாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் சுமார் 1,500, நேர்காணல் பயணத்துக்கு 2,500. ஆக 19,000. ஆறு மாதத்துக்கு 1,14,000. வீட்டுக்குத் தரும் 12,000-மும் நிற்கக் கூடாது என்றால் 1,86,000.

ஏன் ஆறு மாதம்? தேட இரண்டு மூன்று மாதம், தேர்வாகி ஆஃபர் கடிதம் வந்து சேர ஒரு மாதம், சேர்ந்தபின் முதல் சம்பளத்துக்கு இன்னொரு மாதம், அதோடு தவறிப்போகும் ஒரு வாய்ப்புக்கான இடம். பலர் கணக்கில் விட்டுவிடுவது ஒன்று: நோட்டீஸின் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து இறுதிக் கணக்கில்தான் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருந்தாலும், தாமதமாகும் என்று வைத்தே திட்டமிடுவது நல்லது. அதாவது பணமில்லாத முதல் மாதம் கடைசி வேலை நாளுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

இந்த இடத்தில் பெற்றோர் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த 12,000 இல்லாமல் வீடு ஓடுமா, ஓடாதா? ‘நாங்க பார்த்துக்கறோம்’ என்று சொல்லிவிட்டு நகையை அடகு வைத்தால், இரண்டாம் மாதம் மகளுக்குத் தெரியும். அந்தக் குற்றவுணர்வில் முதலில் வந்த ஏதோ ஒரு வேலையில் போய் விழுவார். ஓடாது என்றால் ஓடாது என்றே சொல்லுங்கள். தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்துச் சேமிக்கலாம், டீம் மாற்றமோ சம்பளமில்லா விடுப்போ கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது உங்களையே நேரடியாகத் தொடுகிற விஷயம். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் பெயரும் இருந்தால், பொதுவாக மகளின் கடைசி வேலை நாளோடு அதுவும் முடியும். புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு. ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு வைக்கலாம். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு: அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்பது. நிறுவனம் தந்த குழுக் காப்பீட்டில் கழித்த காலம் காத்திருப்பில் கழியும். ஆனால் குழுக் காப்பீடு முடிவதற்குள் கேட்க வேண்டும். எச்.ஆரிடம் பேசும் முதல் பட்டியலிலேயே இதைச் சேருங்கள். தள்ளிப்போட்ட கண் அறுவை, பல் வேலை இருந்தால் நோட்டீஸ் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தைத் தொடாதீர்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடியாமல் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிட்டால் ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். வேலையை விட்டதால் மட்டும் வட்டி நிற்காது. ஐந்தாவது ஆண்டை நெருங்கியிருந்தால் ஐந்து ஆண்டு முடித்தவருக்குக் கிடைக்கும் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பார்த்துத் தேதி குறியுங்கள். அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் 30,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கினால் ஏறத்தாழ 86,500 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலே தகுதி என்று மெட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இதை எளிதில் ஏற்பதில்லை என்பதால், முடிந்தால் முழு ஐந்தைத் தாண்டிவிடுவதே சிக்கலற்றது.

கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் இதில் மிக மோசமான வழி. நிறுவனம் அதை ‘அப்ஸ்காண்டிங்’ (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று பதிந்துவிட்டால், அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். முறையாக விடுவித்ததாக நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டரும் கிடைக்காது. கடிதம் மூன்று வரி போதும்: விலகுகிறேன், நோட்டீஸ்படி கடைசி நாள் இது, பொறுப்புகளை ஒப்படைக்கிறேன். மேலாளர் மீதுள்ள குறைகளை அதில் எழுத வேண்டாம். பாலியல் தொந்தரவுதான் காரணம் என்றால் அது வேறு பாதை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம், விலகிய பிறகும் தரலாம்.

அலுவலக மின்னஞ்சல் மூடப்படும் முன் சம்பளச் சீட்டுகள், வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16, நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள் எல்லாம் சொந்த மின்னஞ்சலுக்கு வந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் மென்பொருள் நிரல், வாடிக்கையாளர் கோப்பு எதையும் எடுக்கக் கூடாது. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை நிறுவனம் ஏற்றாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் மகளே ஏற்றிக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டால் இரண்டு நிறுவனத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததுபோல் பதிவு காட்டும்.

நேர்காணலில் ‘ஏன் விட்டீர்கள்?’ என்பது கட்டாயம் வரும். பொய் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். ‘தொடர்ந்து இரவு ஷிஃப்ட்டில் உடல்நலம் பாதித்தது, நோட்டீஸை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன், இந்த இரண்டு மாதத்தில் இன்னதைக் கற்றேன்’ என்றால் போதும். கற்றதைக் காட்ட ஒரு சிறிய புராஜெக்ட் கையில் இருக்க வேண்டும். சான்றிதழ்களை அடுக்குவதைவிட அது எடுபடும். சம்பளம் கேட்கும்போது வேலையில்லாமல் இருப்பதால் பழையதைவிடக் குறைத்துக் கேட்பவர்கள் உண்டு. கீழ் எல்லை எது என்று முன்பே வீட்டில் பேசி வைத்திருந்தால் அந்த நிமிடத்தில் தடுமாற்றம் வராது.

தினமும் ‘ஏதாவது வந்துச்சா?’ என்று கேட்காதீர்கள். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை விண்ணப்பம் போனது, எத்தனை அழைப்பு வந்தது, கையில் எவ்வளவு மீதி என்று மூன்றை மட்டும் சேர்ந்து பாருங்கள். நிறைய விண்ணப்பம் போட்டும் அழைப்பே இல்லையென்றால் ரெஸ்யூமில் கோளாறு. அழைப்பு வந்து முதல் சுற்றிலேயே நின்றால் பாடத்தில் பயிற்சி போதவில்லை. கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பினால் சம்பள எதிர்பார்ப்பையோ விலகிய காரணம் சொல்லும் விதத்தையோ மாற்றிப் பார்க்க வேண்டும். கையிருப்பு பாதிக்குக் கீழே இறங்கும் வாரத்தில், பகுதிநேரமோ ஒப்பந்த வேலையோ எடுக்கலாமா என்று பேசத் தொடங்குங்கள்.