ரிமோட் பேட்டரியைச் சார்ஜரில் போடலாமா?

கேள்வி: டிவி ரிமோட், சுவர்க் கடிகாரம், பிள்ளைகளின் பொம்மை கார் என்று எங்கள் வீட்டில் பென்சில் பேட்டரிகள் தீர்ந்துகொண்டே இருக்கின்றன. பழையவை ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன. கேமராவுக்காக வாங்கிய பேட்டரி சார்ஜர் ஒன்று சும்மா கிடக்கிறது. ரிமோட்டில் இருந்த இரண்டு பேட்டரிகளை அதில் அரை மணி நேரம் போட்டு வைத்தேன். லேசாகச் சூடானது, ஆனால் ரிமோட் இப்போது வேலை செய்கிறது. மற்றவற்றையும் இப்படியே சார்ஜ் செய்யலாமா? பட்டன் பேட்டரிகளையும் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ரிமோட்டில் இருக்கும் அந்த இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். சார்ஜரில் ஒருமுறை சூடான பேட்டரி அன்றைக்கு ஒழுகாவிட்டாலும், பின்னால் ஒழுக வாய்ப்பு அதிகம். ஒழுகினால் ரிமோட்டின் ஸ்பிரிங்கும் சர்க்யூட் போர்டும் கெட்டுப்போகும்.

முதலில் டப்பாவைக் கொட்டி, ஒவ்வொரு பேட்டரியிலும் பொடியாக அச்சிட்டிருக்கும் குறியைப் படியுங்கள். டபுள் ஏ அளவில் எல்ஆர்6 என்றிருந்தால் அல்கலைன். வெறும் ஆர்6 என்றிருந்தால் விலை குறைந்த துத்தநாக-கார்பன் வகை. எஃப்ஆர்6 என்றிருந்தால் லித்தியம். இந்த மூன்றும் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவை. எச்ஆர்6 என்றோ நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு என்றோ இருந்து, கூடவே 1.2 வோல்ட் என்றும் கொள்ளளவைக் காட்டும் 2000 எம்ஏஎச் போன்ற ஓர் எண்ணும் இருந்தால்தான் அது உங்கள் சார்ஜருக்கு உரியது. டிரிபிள் ஏ அளவுக்கு 6 வரும் இடத்தில் 03 வரும்.

ரிமோட் எப்படி உயிர்பெற்றது? பொத்தானை அழுத்தும் நேரத்தில் மட்டும் ரிமோட் சிறிது மின்சாரம் இழுக்கும். ஓய்ந்துபோன பேட்டரியைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தாலே அதன் வோல்டேஜ் சற்று ஏறும். சூடுபடுத்தினால் உள் மின்தடை குறையும். டார்ச் பேட்டரியை வெயிலில் காயவைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் எரிவதும் இதனால்தான். அங்கே சார்ஜ் எதுவும் ஏறுவதில்லை. சார்ஜரில் வைத்தால் இவற்றோடு மேலோட்டமாகச் சிறிது சார்ஜும் சேரும். அதே பேட்டரியைப் பொம்மை காரில் போட்டால் சீக்கிரமே படுத்துவிடும்.

இனி அபாயத்துக்கு வருவோம். அல்கலைன் பேட்டரியின் நடுவில் துத்தநாகத் தூள் கூழாக இருக்கிறது. சுற்றிலும் மாங்கனீசு டை ஆக்சைடு, இடையில் மெல்லிய பிரிப்புத் தாள். இவை எல்லாவற்றையும் நனைத்திருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரக் கரைசல். வெளிப்பக்கம் இறுக்கி மூடிய எஃகுக் கூடு. எதிர்ப்பக்கமாக மின்சாரம் செலுத்தினால் துத்தநாகம் ஓரளவு திரும்பப் படியும், ஆனால் ஒரே சீராகப் படியாது. ஊசி ஊசியாக வளர்ந்து பிரிப்புத் தாளைத் துளைத்து மறுபக்கத்தைத் தொட்டால், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். மாங்கனீசுப் பக்கத்தில் சிக்கல் இன்னும் பெரிது. முழுக்கத் தீர்ந்த பேட்டரியில் அது வேறு சேர்மங்களாக மாறியிருக்கும். எத்தனை மணி நேரம் சார்ஜ் செய்தாலும் பழைய நிலைக்கு வராது. அப்போது உள்ளே போகும் மின்சாரம் கரைசலில் உள்ள நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் முழுக்க நீரைப் பிரிப்பதில் செலவானால், அறை வெப்பத்தில் ஏறத்தாழ 135 மில்லி லிட்டர் வாயு உண்டாகும். டபுள் ஏ பேட்டரியின் மொத்தக் கன அளவே 8 மில்லி லிட்டர்தான். அதிலும் காலியிடம் மிகக் கொஞ்சம். அழுத்தம் எல்லை மீறும்போது வாயு வெளியேற எதிர்முனைப் பக்கத்து நைலான் அடைப்பில் வேண்டுமென்றே பலவீனமாக ஓர் இடம் விட்டிருப்பார்கள். அது கிழிந்தால் வாயுவோடு காரக் கரைசலும் பீய்ச்சும். அந்த இடம் அடைத்துக்கொண்டாலோ, வாயு அது வெளியேற்றுவதைவிட வேகமாகச் சேர்ந்தாலோ மூடியே தெறிக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்தான் அப்போது எதிரில் இருக்கும்.

நிக்கல் பேட்டரியிலும் சார்ஜின் கடைசியில் ஆக்சிஜன் வரும். ஆனால் அந்த ஆக்சிஜனை எதிர்முனையே உள்வாங்கிக்கொள்ளும்படி அதைக் கட்டமைத்திருக்கிறார்கள். சார்ஜரும் அதற்கேற்பச் செய்ததே: நிரம்பியதும் வோல்டேஜ் சில மில்லி வோல்ட் இறங்கும், அந்த இறக்கத்தைக் கண்டு சார்ஜர் நிறுத்தும். அல்கலைனில் அப்படி நம்பத் தகுந்த இறக்கம் வராது, வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். ஆகவே சார்ஜர் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல சார்ஜர்கள் சில, உள் மின்தடையையும் வோல்டேஜையும் பார்த்துச் சிவப்பு விளக்கை மினுக்கி மறுத்துவிடும். மறுத்தால் அது சொல்வதைக் கேளுங்கள். கழற்றிக் கழற்றிப் போட்டு ஏமாற்ற வேண்டாம்.

‘முடியும் என்று படித்தேனே’ என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மறுசார்ஜ் செய்யக்கூடிய அல்கலைன் உண்மையில் கடைக்கு வந்தது. வேதியியலாளர் கார்ல் கோர்டெஷின் ஆய்விலிருந்து வந்த அந்த வகையை 1990களில் ரேயோவாக் நிறுவனம் ‘ரினியூவல்’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. அதற்கென்றே உட்கட்டமைப்பை மாற்றினார்கள், 1.65 வோல்ட்டோடு நிற்கும் தனிச் சார்ஜரும் கொடுத்தார்கள். அப்படியும் ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவு இறங்கிக்கொண்டே வந்தது. துத்தநாக-கார்பன் பற்றி அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகம் முன்பு சொன்ன நிபந்தனைகளும் உண்டு: பேட்டரி 1 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கக் கூடாது, கழற்றிய உடனே சார்ஜில் போட வேண்டும், 12 முதல் 16 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும், ஏற்றிய கையோடு பயன்படுத்திவிட வேண்டும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பேட்டரிக்கு இதில் முதல் இரண்டுமே பொருந்தாது. போதாக்குறைக்கு இந்த வகையில் துத்தநாகக் குவளைதான் பேட்டரியின் சுவர். மின்சாரம் தரத் தர அது அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும்.

லித்தியம் டபுள் ஏவையும், கடிகாரம், கார் சாவி, கணினி மதர்போர்டு ஆகியவற்றில் இருக்கும் சிஆர்2032 போன்ற 3 வோல்ட் பட்டன் செல்லையும் எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜ் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் உலோகம், கூடவே தீப்பற்றும் கரைப்பான். அதே அளவில் எல்ஐஆர்2032 என்று சார்ஜ் செய்யத்தக்க செல்லும் இருக்கிறது. இந்தக் குழப்பம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளின் மேசையிலும் உண்டு. அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு பயன்படுத்தும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல்களில் இசட்எஸ்-042 என்ற பலகையில் சார்ஜிங் பாதை ஒன்று இருக்கிறது. அதில் சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால், செல்லுக்குள் ஓயாமல் மின்சாரம் போகும். 201 என்று எழுதிய 200 ஓம் ரெசிஸ்டரையோ, பக்கத்தில் உள்ள சிறிய கண்ணாடி டையோடையோ எடுத்துவிட்டால் பாதை அறுந்துவிடும்.

சார்ஜரில் வைத்தால்தான் சார்ஜ் ஆகும் என்றில்லை. பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான், இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கார்ட்லெஸ் போனில் கையில் எடுத்துப் பேசும் பகுதியில் இருப்பது பெரும்பாலும் 1.2 வோல்ட் நிக்கல் பேட்டரி. அது தளர்ந்ததும் கடையில் சாதாரண டிரிபிள் ஏ வாங்கிப் போட்டுத் தாங்கியில் வைத்தால், இரவு பகலாகச் சார்ஜ் ஏறி ஒழுகும். தோட்டத்து சோலார் விளக்கிலும் இதே கதை. பேனல் ஒவ்வொரு பகலும் சார்ஜ் செய்யும். நான்கு பேட்டரி போடும் பொம்மையில் குழந்தை ஒன்றை மட்டும் தலைகீழாகப் போட்டால், மற்ற மூன்றும் சேர்ந்து அந்த ஒன்றைச் சார்ஜ் செய்யும். பொம்மை மந்தமாக ஓடக்கூடச் செய்யும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அடாப்டரிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ரேடியோவில், அடாப்டரின் பின்னைச் செருகும் இடத்திலுள்ள தகடு தேய்ந்து பேட்டரி இணைப்பு துண்டிக்கப்படாமல் போவதும் உண்டு. அடாப்டரில் கேட்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவது நல்லது.

சார்ஜரில் தவறான பேட்டரி சூடாவதைக் கண்டால் பேட்டரியைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணையுங்கள். நன்றாக ஆறட்டும். பிறகு கையுறை போட்டு எடுங்கள். உப்பியிருந்தால் குத்தவோ நசுக்கவோ கூடாது. அல்கலைனிலிருந்து வெளியே வந்து காய்ந்த வெள்ளைப் பொருக்கு பொட்டாசியம் கார்பனேட். உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் நுரைத்து வரும். பின் ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். துத்தநாக-கார்பனின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். இவை கருவிக்கு மட்டும். கையில் பட்டு வழவழவென்றிருந்தால் அது காரம் தோலை அரிப்பதன் அடையாளம். ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் வினிகர் எதுவும் வேண்டாம், இமையைத் திறந்து பிடித்து 20 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. அதற்கு வேறு வழி இருக்கிறது. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் 10 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றும் போதும். ரெசிஸ்டரைப் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடியில் வோல்டேஜைப் பாருங்கள். 1.3க்கு மேல் காட்டினால் எதிலும் போடலாம். 1.1 முதல் 1.3 வரை என்றால் கடிகாரம், ரிமோட்டுக்கு ஆகும். 1.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் கழித்துவிடுங்கள். பொம்மை காரில் ‘தீர்ந்துபோன’ பேட்டரி கடிகாரத்தில் இன்னும் பல வாரம் ஓடக்கூடும். ஆனால் பாதி தீர்ந்ததையும் புதியதையும் ஒரே கருவியில் சேர்க்காதீர்கள்.

பொம்மை, கேமரா, டார்ச்சுக்கு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு நான்கு வாங்குங்கள். சும்மா இருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகையாகக் கேளுங்கள். 2005இல் சான்யோ எனலூப் மூலம் பரவலானது இந்த வகை. உங்கள் சார்ஜர் ஒவ்வொரு பேட்டரியையும் தனியாகக் கவனிப்பதா, ஜோடியாகத்தான் ஏற்றுவதா என்று பாருங்கள். ஜோடி வகை என்றால் இரண்டையும் எப்போதும் சேர்த்தே பயன்படுத்துங்கள். 1.5 வோல்ட் என்று யூஎஸ்பி துளையோடு வரும் லித்தியம்-அயான் டபுள் ஏக்களை இந்தச் சார்ஜரில் வைக்கவே கூடாது, அவற்றின் துளை வழியாக மட்டும் ஏற்ற வேண்டும்.

கழித்தவற்றைக் குப்பையோடு எரிக்க வேண்டாம். இந்தியாவில் 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்திருக்கின்றன. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கும்வரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பட்டன் செல், லித்தியம் செல், 9 வோல்ட் பேட்டரி மூன்றின் முனைகள் மீதும் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். தீர்ந்த பட்டன் செல்லையும் ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அது புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.